ஆள் இறங்கணும்

காரந்தூர் ஸ்டாப்பில் ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. இருந்தாலும் டிரைவர் சுகுணேட்டன் ‘புலரி’ பஸ்ஸை ஓரம் கட்டி, முன்கதவைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி சொல்கிறார்: “ஆள் இறங்கணும்.” கதவு திறந்தே கிடக்கிறது. சாரல் என் சுரிதாரை நனைக்கிறது. பிறகு அவரே, “ம், போயாச்சு” என்று கதவைச் சாத்த, கண்டக்டர் ஷிஹாப் இரட்டை மணி அடிக்கிறான். வண்டி நகர்கிறது.

இறங்கிப் போனது அவருடைய கோபம். புதிதாக ஏறியவர்கள் முழிப்பார்கள். குன்னமங்கலத்திலிருந்து கோழிக்கோட்டுக்கு அன்றாடம் போகிற நாங்கள் முழிப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதோடு சரி. நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிறவள். தாமதமாகப் போனால் அவர் பார்க்கிற பார்வைக்கு மரத்துப்போகிற ஊசி எதுவும் கிடையாது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “உங்க கோபம் இறங்கிடுச்சு ஏட்டா, இப்ப எனக்கு ஏறிடுச்சு” என்றேன். “அடுத்த ஸ்டாப்புல இறக்கி விடறேன் மோளே” என்றார், சிரிக்காமல்.

முன்கதவை ஒட்டிய முதல் சீட் என்னுடையது. அங்கிருந்து அவருடைய இடது காது நன்றாகத் தெரியும். அதுதான் எங்களுக்கு சிக்னல். யாராவது குறுக்கே வண்டியை விட்டால், சில்லறைக்காக ஷிஹாபிடம் யாராவது மல்லுக்கட்டினால், அந்தக் காது மடலிலிருந்து மெல்லச் சிவக்கும். “ஏறிடுச்சு” என்று முனகுவார். அதற்கப்புறம் ஸ்டாப் வரும்வரை வாயைத் திறக்க மாட்டார், ஹாரனைத் தொட மாட்டார்.

தனக்குள் ஏறுகிறவர்களையெல்லாம் அவருக்கு அடையாளம் தெரியும். “பாதி நாள் ஏறுறது கோபமே இல்ல, பசி. கோபத்தோட சட்டையை மாட்டிக்கிட்டு வரும்” என்பார். அதற்காகவே டாஷ்போர்டில் எப்போதும் ஒரு நேந்திரம்பழம் இருக்கும். பயம் உள்ளே வராதாம், படியிலேயே தொங்கிக்கொண்டு வருமாம். பொறாமை டிக்கெட் எடுக்காத கேஸ். “துக்கம்தான் வயசானவர் மாதிரி. அவசரப்படுத்தக் கூடாது. கையைப் பிடிச்சு மெதுவா இறக்கணும்.” அவருடைய அம்மா இறந்த வாரம், வெள்ளிமாடுகுன்னு ஸ்டாப்பில் வண்டி ரொம்ப நேரம் நின்றது. அன்றைக்கு யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முன்பெல்லாம் சுகுணேட்டன் இப்படியில்லை. எந்த பஸ் முதலில் கிளம்புவது என்ற நேரத் தகராறில், பஸ் ஸ்டாண்டில் வைத்து இன்னொரு டிரைவரின் கையை ஜாக்கி லீவரால் அடித்து உடைத்தவர். ரிமாண்டில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி லதிகா கத்தவில்லை, அழவில்லை. “இன்னொரு வாட்டி ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்தா, நம்ம பொண்ணைக் கூட்டிக்கிட்டு மானந்தவாடிக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். தேடி வரக்கூடாது” என்றாள். சொன்னால் செய்கிறவள் அவள். அவள்தான் அவரை மெடிக்கல் காலேஜுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மனநல டாக்டர், “கோபம் வரும், போகும். நீங்க வேற, அது வேற” என்று ஏதேதோ விளக்கியிருக்கிறார். இவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்போ அது பாசஞ்சர். அதைச் சொல்லுங்க டாக்டரே, அது எனக்குப் புரியும்” என்றாராம்.

போன வியாழக்கிழமை நல்ல மழை. மூழிக்கல் தாண்டி ஒரு ஸ்டாப்பில் நாங்கள் நிற்கையில், பின்னால் வந்த ‘கேசரி’ பஸ் எங்களை உரசுகிறாற்போல முந்தி, மூக்குக்கு முன்னால் குறுக்கே நின்றது. அதன் டிரைவர் ஜிதின், மீசை இன்னும் சரியாக முளைக்காதவன், மழையில் இறங்கி வந்து எங்கள் டிரைவரின் ஜன்னலைத் தட்டினான்.

“என்ன சுகுணேட்டா, எங்க ஆளுங்களை எல்லாம் ஏத்திக்கிட்டு ஓடறீங்க? ஜெயில் கோதுமை உருண்டை ருசி மறந்துபோச்சா?”

“வண்டியை எடுடா. ஆளுங்க வேலைக்குப் போகணும்.”

“எடுக்கறேன். உங்க பொண்ணு தீர்த்தா சாயங்காலம் நம்ம வண்டியிலதான் வருது. பின்சீட்டு. நான் நல்லா பாத்துக்கறேன், கவலைப்படாதீங்க.”

காது சிவக்கவில்லை. ஒரேயடியாகக் கறுத்துப்போனது.

“ஏறிடுச்சு” என்றார். கதவைத் திறந்தார். “ஆள் இறங்கணும்.”

காத்திருந்தோம். கதவைச் சாத்தவில்லை. அவர் மறுபடியும் சொன்னார், இந்த முறை குரல் கரகரத்தது. “ஆள் இறங்கணும்.”

பின்னாலிருந்து ஷிஹாப் கேட்டான். “ஏட்டா, போயிடுச்சா?”

“இல்ல.”

அந்த ‘இல்ல’வை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. அவர் இன்ஜினை அணைத்தார். குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி லீவரை உருவினார். பக்கத்திலேயே டிரைவர் கதவு இருக்க, அதை விட்டுவிட்டு, எங்கள் பக்கம் வந்தார். நான் எழுந்து வழியை மறித்தேன்.

“சுகுணேட்டா, லதிகேச்சியை நினைச்சுப் பாருங்க.”

“அவளைத்தான் மோளே நினைக்கறேன். வழி விடு. ஆள் இறங்கணும்.”

விட்டேன். வேறென்ன செய்வது. பாசஞ்சர் இறங்குகிற மாதிரி கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். ஜிதின் அதற்குள் தன் வண்டிப் படியில் ஏறி நின்று, செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அடிக்கட்டும் என்றுதான் காத்திருந்தான். சுகுணேட்டன் லீவரோடு அவனை நோக்கி நடந்தார். ஒரு அடி, இன்னொரு அடி. யாரோ ஒரு பெண், “தெய்வமே” என்றாள்.

பாதி வழியில் திரும்பினார். நிழற்குடைக்குள் போய், குடையைச் சாத்துகிற மாதிரி லீவரைச் சுவரில் சாத்திவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. ஜிதின் என்னவோ கத்தினான், மழையில் கேட்கவில்லை. அவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, நீளமாக ஹாரன் அடித்து வண்டியை எடுத்தான்.

பின்னால் வந்த பஸ்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. எங்கள் வண்டியிலிருந்து ஒருவர்கூட இறங்கி அவற்றில் ஏறவில்லை. ஷிஹாப் மணிக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். நான் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து அவர் எழுந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். மழை விட்டிருந்ததால், அவர் செல்போனில், “லதிகே, இன்னைக்கு நாம ரெண்டு பேருமா போய் தீர்த்தாவைக் கூட்டிக்கிட்டு வரலாம்” என்று சொல்வது காதில் விழுந்தது. லீவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலை ஓரத்துக்கு வந்தார். டிரைவர் இல்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்த எங்கள் பஸ்ஸைப் பார்த்து, ஏற நிற்கிற பாசஞ்சர் மாதிரி, நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.