மூச்சு வாங்குகிறவனின் வெட்கம்

ஐந்தருவியில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளம் போலீஸ்காரர் ஒருவர் என்னை ஊதச் சொன்னார்.

மகளும் மருமகனும் சென்னையிலிருந்து சீசனுக்கு வந்திருந்தார்கள். நான் வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றேன். மகள் விடவில்லை. குத்துக்கல்வலசையிலிருந்து காரில் போக எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்றாள். காரை நிறுத்திய இடத்திலிருந்து அருவி வரைக்கும்தான் எனக்குத் தூரம் என்பதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. சிப்ஸ் கடைகளைத் தாண்டுவதற்குள் மூச்சு இளைத்துவிட்டது. மனைவியையும் அவர்களையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு, ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரத் துண்டோடு கூட்டம் இடித்துக்கொண்டு போனது. நெஞ்சைப் பூட்டியதுபோல் இருந்தது. இங்கேயே செத்துவிடுவேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் மூச்சு இன்னும் வேகமாக ஓடியது. கால் தள்ளாடியது.

குடித்துவிட்டு அருவிக்கு வருகிறவர்களைத் தடுப்பது அந்தப் போலீஸ்காரரின் வேலை. அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "பெரியவரே, ஊதுங்க" என்றார்.

நான் பணிக்காலம் முழுக்கக் காவல்துறையில் ஜீப் ஓட்டியவன். ராத்திரி ரோந்தில் இந்த வார்த்தையை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். இப்போது ஊதுவதற்கு என்னிடம் மூச்சு இல்லை. இல்லை என்று சொல்வதற்கும் இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவர் குனிந்து என் வாயை முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் பிள்ளையை அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

அதற்குள் என் மனைவி திரும்பி ஓடிவந்துவிட்டாள். நுரையீரல் கெட்டுப்போனவர், குடிக்கிற பழக்கம் இல்லாதவர் என்று சொன்னாள். போலீஸ்காரர் பாவம், முகம் செத்துப்போய்க் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவரே தூக்கி வந்து போட்டார். மனைவி என் வாயில் இன்ஹேலர் மருந்தை அடித்துவிட்டு, கைப்பையிலிருந்து விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியை எடுத்து மாட்டினாள். பின்னாலேயே வந்த மருமகன் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, நார்மலாத்தான் இருக்கு, ஒண்ணும் இல்ல" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எல்லோர் முகத்திலும் நிம்மதி வந்தது.

எனக்குத்தான் தலை நிமிரவில்லை. ஒன்றும் இல்லையென்றால் நான் ஏன் சாகிறவன்போல நடுத்தெருவில் வாயைப் பிளந்தேன்? நடித்தேனா? ஆக்சிஜன் இறங்கியிருந்தாலாவது மரியாதையாக இருந்திருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பிறகு வெளியே போவதை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். முதலில் கோவில், அடுத்து டீக்கடை. இலத்தூரில் மச்சினியின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. மொய்யை மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். கல்யாண வீட்டில் யாராவது என் வியாதியைப் பற்றிக் கேட்பார்கள். கேட்கிற எல்லோருக்கும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: சிகரெட்டா? ஆமாம், சிகரெட்தான். நீயாகத் தேடிக்கொண்டதுதானே என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அப்படியா' என்று இழுக்கும்போது எனக்கு அது கேட்டுவிடும்.

கையைத் தலைக்குமேல் தூக்கினால் இளைக்கும் என்பதால் மனைவிதான் என்னைக் குளிப்பாட்டினாள். முதுகு தேய்க்கும்போது அவள் ஊர்க்கதை பேசுவாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் துண்டு எடுக்கப் போகிற நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். கருவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவள் பார்க்காதபோதெல்லாம் விரலில் மாட்டிப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, நான் போய்ச் சேர்ந்தால் உனக்காவது சௌகரியமாக இருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த முறை திருநெல்வேலிக்கு நெஞ்சு டாக்டரிடம் போனபோது, நான் சொன்னதை வார்த்தை மாறாமல் அவரிடம் ஒப்பித்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. டாக்டர் அதட்டவில்லை. மூச்சு முட்டினால் பயம் வரும், பயந்தால் மூச்சு வேகமாகும், வேகமானால் உள்ளே போன காற்று வெளியே வராமல் தேங்கி இன்னும் முட்டும் என்றார். கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் முட்டுவது நிஜம்தான், நடிப்பில்லை என்றார். இந்த வியாதிக்காரர்களில் நிறையப் பேருக்கு மனசும் சேர்ந்து படுத்துக்கொள்ளும் என்று சொல்லி, மேல்மாடியில் இருக்கிற மனநல மருத்துவரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நான் மாட்டேன் என்றேன். கிறுக்குக்கு வைத்தியம் பார்க்கிறான் என்று தென்காசி முழுக்கப் பேசுவார்கள் என்றேன். மனைவி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காமல் பஸ் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

லிஃப்டில் மேலே போனோம். வராண்டாவில் வரிசையாக நாற்காலிகள். மூன்றாவது நாற்காலியில், நான் பல வருஷம் ஜீப் ஓட்டிய இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுவிட்டவர். சாயம் போன சட்டை, ரப்பர் செருப்பு. பழக்க தோஷம், நான் விறைத்து நின்றேன். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"என்ன வே, இங்கன? யாருக்கு?" என்று கேட்டார்.

"வீட்டம்மாவுக்கு ஐயா" என்றேன்.

என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. பக்கத்தில்தான் அவள் நின்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆமா ஐயா, தூக்கமே வர மாட்டேங்குது" என்று அவரிடம் சொன்னாள்.

நான் தரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து என் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, சத்தமாகக் கூப்பிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சு மறுபடி பூட்ட ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினார்.

"மெதுவா போ, அவசரமில்ல. நானும் எனக்காகத்தான் வாரேன்" என்றார்.

உள்ளே இருந்த டாக்டர் என் மகள் வயதுக்காரி. சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டாள். ஆமாம் என்று சொன்னபோது அழுதேன். இந்த முறை திறந்துவிடக் குழாய் இல்லை. மாத்திரை எழுதினாள். சூடான டீயை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக வெளியே விடப் பழக்கினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். ஆலங்குளம் தாண்டியபிறகு, என் வியாதியை உன்மேல் போட்டுவிட்டேன், தப்பாக நினைக்காதே என்று அவளிடம் சொல்லத் தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"தூக்கம் வரலன்னு நான் பொய் சொல்லலங்க. ராத்திரி பூரா உங்க மூச்சு நின்னுருமோன்னு கேட்டுக்கிட்டேல்லா கெடக்கேன்."

எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை. ஒரே அறையில்தான் படுக்கிறோம். என் மூச்சை நான் எண்ணிக்கொண்டிருந்தேன், என் மூச்சை அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை அந்தப் பஸ் வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.

நுரையீரல் அப்படியேதான் இருக்கிறது. போனது திரும்பாது என்று நெஞ்சு டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். சாப்பிட முடிகிறது. சாயங்காலம் தெரு முனை வரை நடந்து, நின்று, உதட்டைக் குவித்து ஊதிவிட்டுத் திரும்புகிறேன். நெஞ்சு பூட்டுகிற நாட்கள் இன்னும் உண்டு. அப்போது கருவியைத் தேடாமல் அவளைக் கூப்பிடுகிறேன். மேல்மாடிக்கு இப்போது இரண்டு பேருக்கும் சீட்டு வாங்குகிறோம். பஸ்ஸில் தெரிந்தவர்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், நெஞ்சு டாக்டரிடம் என்று மட்டும்தான் இன்னமும் சொல்கிறேன். அவள் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.