அம்மா உட்கார்ந்த நாற்காலி

சொன்னால் கொஞ்சம் தலைக்கனமாகத்தான் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும். இலங்கை மலையகத்து அட்டனில் எங்களுக்கு ஓர் ஓவியர் சங்கம் இருந்தது. அதில் இருந்த ஒரே பெண் நான். சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் கடந்திருந்த காலம். தேயிலைத் தோட்டத்தில் ஓவியம் என்றால் கோயில் சுவரும், கடைக்காரர் இனாமாகத் தரும் காலண்டரும்தான். அப்படிப்பட்ட இடத்தில் சங்கம் வைத்து, அதற்கு ஒரு ரப்பர் முத்திரையும் செய்து வைத்திருந்தோம்.

தலைவர் பெயர்ப்பலகை எழுதுகிறவர். கடைவீதியில் பாதிப் பலகைகள் அவர் கைவேலை. புடவைக் கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். தன் கடையின் மேல்மாடியைச் சங்கத்துக்கு விட்டிருந்தார். அவருக்கு ரோஜாப்பூ மட்டும் நன்றாக வரும். எதை வரையச் சொன்னாலும் ஓரத்தில் ஒரு ரோஜா முளைத்துவிடும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்காகப் பாடப் படங்களை வரைந்து வரைந்து கை பழகியிருந்தது. அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒருவர் ஆட்கள் முன்னால் வரைந்து காட்டுவோம். சில மாதம் கடை மாடியில், சில மாதம் ஏதாவது ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், ஒருமுறை நானுஓயா ஸ்டேஷன் மேடையில்கூட. படம் வானத்திலிருந்து விழுவதில்லை, நம்மைப் போன்றவர்களின் கையிலிருந்துதான் வருகிறது என்று சனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். வரைகிறவருக்கும் வரையப்படுகிறவருக்கும் மட்டுமே இருக்கை. மற்றவர்கள், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், வரைகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் தாள் தெரியாது.

நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா? மூக்கு கோணல், காது பெரிசு என்று நம் காதருகே குனிந்து சொல்லிவிட்டுப் போவார்கள். பனிக்காலத்தில் நீர்வர்ணம் இலேசில் காயாது. பக்கத்தில் ஒரு கரிச்சட்டி வைத்து, தாளுக்கு அனல் காட்டிக் காட்டித்தான் அடுத்த பூச்சுப் பூச வேண்டும். கூட்டத்தில் பாதி அந்தச் சட்டியில் குளிர்காயத்தான் வருகிறது என்று தலைவர் கேலி செய்வார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இப்படி இருக்கும்போது நுவரெலியாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. துரைமாருடைய கிளப் மண்டபத்தில் பூக்காட்சி. அதை நடத்திய துரைசானி எங்களைப் பற்றி யார் மூலமோ கேள்விப்பட்டு, அன்றைக்கு வந்து வரைந்து காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தியைக் கூடையும் கையுமாக உட்கார வைத்து வரைய வேண்டுமாம். அந்த மண்டபத்துக்குள் அதுவரை நம்மவர்கள் போனதெல்லாம் பரிமாறத் தட்டு ஏந்திக்கொண்டுதான்.

என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்றார் தலைவர். நான் சந்தோஷப்படுவதற்குள் காரணத்தையும் சொல்லிவிட்டார். ஓர் ஆம்பிளை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, லயத்து வரிசை வீட்டுப் பெண் எவளும் அவ்வளவு நேரம் உட்கார மாட்டாளாம். ஆக, என் கைக்காக இல்லை, நான் கட்டியிருந்த சேலைக்காக. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருக்கட்டும், மண்டபத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு வந்தேன்.

உட்கார ஆள் வேண்டுமே. லயம் லயமாகப் போய்க் கேட்டேன். ஒருத்தி புருஷனைக் கேட்க வேண்டும் என்றாள். இன்னொருத்தி படம் வரைந்தால் ஆயுசு குறையும் என்றாள். அலுத்துப்போய் வீட்டுக்கு வந்து புலம்பினேன். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"நான் வர்றேன். கூடை வேணாம், இடுப்புல கட்டுற சாக்கு வேணாம். நல்ல சேல கட்டிக்கிட்டு நாக்காலியில உக்கார்றேன். அப்புடின்னா வரை."

தோட்டத்தில் வாழாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். அம்மா விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பாள். மலையில் நிரைபிடித்து நிற்பாள். கொழுந்து நிறுக்க நிற்பாள். துரை வருகிற வழியில் யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்துவிட வேண்டும். பிரசவித்த பெண்கூட எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்துத் துரை அந்தப் பூக்காட்சிக்கு வருவார் என்பதும் நிச்சயம். அவருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்வதை அவர் மரியாதைக்குறைவாக எடுத்துக்கொண்டால், மறுநாளே பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து எங்களைத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடலாம். அம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்டாள்.

சங்கத்தில் ஒரே வாக்குவாதம். அவர்கள் கேட்டது கூடைக்காரியை, நாம் வேறு எதையோ காட்டினால் இனி அந்தப் பக்கமே கூப்பிட மாட்டார்கள் என்று தலைவர் கவலைப்பட்டார். அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. கடைசியில் கடை முதலாளிதான் வாயைத் திறந்தார். உட்காருகிறவருக்கு இருக்கை கொடுப்பது நம் சங்கத்து முறை, அட்டனுக்கு ஒரு முறை நுவரெலியாவுக்கு ஒரு முறையா என்று கேட்டார். அதோடு நிற்காமல், கல்லாவுக்குப் பின்னால் தான் உட்காருகிற கைவைத்த நாற்காலியையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அந்த நாற்காலி பஸ் கூரையில் ஏறி, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நுவரெலியாவுக்கு வந்தது. கீழே நெரிசலில் நின்று வந்த எங்களைவிட அதற்குத்தான் நல்ல பயணம்.

மண்டபத்தில் துரைசானி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். ஒரு குட்டை ஸ்டூல். பக்கத்தில் ஒரு கொழுந்துக்கூடை, இன்னும் ஓர் இலையைக்கூடக் காணாத புத்தம்புதுக் கூடை. உட்காருகிறவரின் விருப்பப்படி வரைவதுதான் எங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. அம்மாவின் அரக்குச் சேலையையும் மூக்குத்தியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சரி, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். கூடையை வீணாக்குவானேன் என்று அதைக் கவிழ்த்து, என் தண்ணீர்ப் போத்தலை அதன்மேல் வைத்துக்கொண்டேன். உயரம் அளவாக இருந்தது.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள். பிறகு நாற்காலியின் கைகளில் வைத்தாள். என் வலது தோளுக்கு மேலே பார்க்கச் சொன்னேன். கொழுந்துக் கறை ஏறிய அந்த விரல்களைத்தான் முதலில் வரைந்தேன். எனக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளைக்காரரும் காதருகே குனிந்து மூக்கைப் பற்றித்தான் சொல்வார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

கன்னத்துக்கு முதல் பூச்சுப் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே நிழலை இறக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அம்மாவின் தோள் எழும்பியது. விரல்கள் நாற்காலிக் கைகளை அழுத்தின. திரும்பிப் பார்க்காமலே எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் எழுந்து பழகிய உடம்பு, அது யாரிடமும் அனுமதி கேட்காது.

"அம்மா, அசையாத."

"தொர வந்திருக்காரு." உதடு அசையவில்லை, மூச்சுதான் வந்தது.

"வரட்டும். நீ அசையாத."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அங்கே இருந்த துரைமார் எல்லாருக்கும் அந்த அளவு தமிழ் தெரியும். மண்டபமே எங்கள் பக்கம் திரும்பியது.  ஆனால் தாளில் வர்ணம் காய்ந்துகொண்டிருந்தது. தலை ஒரு விரற்கடை அசைந்தாலும் அந்தக் கன்னம் எனக்குத் திரும்பக் கிடைக்காது. எங்கள் துரை அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவரோரமாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அங்கே உட்கார்ந்தால் தாள் தெரியாதே. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுற்றி வந்து, என் வலது தோளுக்குப் பின்னால் நின்றார்.

நான் பார்க்கச் சொன்ன இடம் அதுதான். அம்மா பார்வையை மாற்றவில்லை. எழும்பிய தோள் மெல்லக் கீழே இறங்கியது. முதுகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தது. படம் முடியும்வரை துரை நின்றார், அம்மா உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அந்த முகத்தில் இருந்ததை அப்படியே தாளில் இறக்கினேன். அதற்குப் பிறகு எத்தனையோ வரைந்திருக்கிறேன். அதைப் போல ஒன்று வரவில்லை. நான் வரைந்ததில் எது நல்லது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் அதைச் சொல்வேன்.

கரிச்சட்டியில் காட்டிக் காய வைத்துப் படத்தைத் தூக்கிப் பிடித்தபோது கை தட்டினார்கள். ஓரத்தில் ஒரு கூடையைச் சேர்த்துக் கொடுத்தால் பங்களாவில் மாட்டுவேன் என்று துரை கேட்டார். வர்ணம் காய்ந்துவிட்டது, இனி முடியாது என்றேன். பொய்தான். ஒரு கூடை வரைய எவ்வளவு நேரம் ஆகும்? பஸ்ஸில் திரும்பி வரும்போது தலைவர், அடுத்த தடவை உன்னை உன் கைக்காகவே அனுப்புவேன் என்றார். பரவாயில்லை என்று மன்னித்தேன்.

மறுநாள் பெரட்டில் என்ன நடக்குமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் திறக்க நேரமிருந்தது. களத்தின் ஓரத்தில் போய் நின்றேன். துரை வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றார்.  படம் காய்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். காய்ந்துவிட்டது என்றாள் அம்மா. அவர் நகர்ந்தார், அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

முதலாளி நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கல்லாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அது பஸ் கூரையில் எங்களோடு வந்தது. ஆயுசு குறையும் என்றவளும் ஒருநாள் வந்து உட்கார்ந்தாள். வருகிறவர்கள் முதலில் கேட்பது, நாற்காலி வந்திருக்கிறதா என்பதைத்தான்.

படம் எங்கள் லயத்து அறையில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் சேலை நன்றாக இருக்கிறது, மூக்குத்தி மின்னுகிறது என்று சொல்வார்கள். அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொல்வாள்:

"படத்துல தெரியாது. ஆனா எனக்கு முன்னால தொர நிக்கிறாரு."