சல்லடை அக்காவின் எண்பதாவது ஆள்

அந்த மருத்துவமனை ரத்த வங்கியில் அவளைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. சல்லடை அக்கா என்றால்தான் தெரியும். கேலிக்கு வைத்த பேர்தான். அவளோ அதைப் பட்டம் மாதிரி சூடிக்கொண்டாள். ஆமாம், ஒருத்தர் விடாமல் எல்லோர் ரத்தத்தையும் சலிக்கிறவள்தான், அதற்கென்ன இப்போது?

ரத்தம் ஏற்றுமுன் குரூப் பொருந்தினால் போதும் என்று நினைப்பது பாதிக் கிணறு தாண்டின கதை. சிவப்பணுவின் மேல் வேறு சின்னச் சின்ன அடையாளங்கள் எத்தனையோ உண்டு. தன்னிடம் இல்லாத அடையாளத்தோடு இன்னொருவர் ரத்தம் உள்ளே வந்தால், சிலர் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருளைச் செய்து வைத்துக்கொள்ளும். மறுமுறை அதே அடையாளமுள்ள ரத்தம் ஏறினால் உடைத்துத் தள்ளும்; ஆளுக்கே ஆபத்து. அப்படி எத்தனை பேர் என்று கேட்டால் அக்கா ஏட்டைப் புரட்டாமலே சொல்வாள். பதினோரு வருஷத்தில் சோதித்தது ஆறாயிரத்து நானூறு பேர், அகப்பட்டது எழுபத்தொன்பது.

புதிதாக வந்த தலைமை மருத்துவர் அந்தக் கணக்கை அவள் மேலேயே திருப்பினார். நூற்றில் ஒருவருக்காக மற்ற எல்லோரையும் சோதிப்பது வீண் வேலையாம். முன்பு ரத்தம் ஏற்றியதுண்டா, கர்ப்பமானதுண்டா என்று கேட்டு, உண்டு என்பவர்களை மட்டும் பார்த்தால் போதுமாம். அடுத்த வாரத்திலிருந்து அப்படித்தான் என்று உத்தரவும் எழுதிவிட்டார். அக்காவுக்குச் சுருக்கென்றது. உத்தரவு நடப்புக்கு வரும்வரை பழையபடியே சலிப்பது என்று வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஒரு தையல்காரரின் மனைவி வந்து சேர்ந்தாள். கருப்பையில் பெரிய கட்டி. மறுநாள் அறுவை, ரத்தம் நிறையப் போகும் என்றார்கள். நர்ஸ் படிவத்தை எடுத்துக் கேட்கக் கேட்க, மாமியார் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். ரத்தம் ஏற்றியதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கியதில்லை. மருமகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வழக்கம்போல் அந்தப் பெண்ணின் ரத்தநீரோடு வேறொருவர் சிவப்பணுவைக் கலந்த குழாயை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, கழுவி, சுழற்றி, மெல்ல ஆட்டினாள். அடியில் படிந்த சிவப்பு கரையாமல் மணிமணியாக நின்றது; ஆன்டிபாடி இருக்கிறது என்று அர்த்தம். மருத்துவர் படிவத்தைக் காட்டி, குழாயைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டீர்கள் என்றார். எப்பேர்ப்பட்ட பேச்சு! கழுவுவதில் அவளைக் குறை சொன்ன ஆள் அதுவரை பிறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு புது ரத்தம் எடுத்து, அவர் கண்ணெதிரே இன்னொரு முறை செய்தாள். மறுபடியும் அதே மணிகள்.

பிறகு குளிர்பெட்டியில் அதே குரூப்பில் இருந்த பதினேழு பைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே கிடந்தது. மூன்று பைகள்தான் பொருந்தின. மறுநாள் பயந்தபடியே ரத்தம் கொட்டியது; இரண்டு பைகள் ஏறின. உயிர் தப்பியது.

மருத்துவர் தானே இறங்கி வந்து உத்தரவைக் கிழித்துப் போட்டார்.

"அந்த நூத்துல ஒருத்தர் யாருன்னு படிவம் சொல்லலைங்க. நீங்கதான் சொன்னீங்க" என்றார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே காட்டாமல், சரிங்க சார் என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் ஆன்டிபாடி விவரம் எழுதிய அட்டையை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். மாமியார் மருந்து வாங்கப் போயிருந்தாள். எங்கே ரத்தம் ஏற்றினாலும் முதலில் இதைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். இது தன் உடம்பில் எப்படி வந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். பெரும்பாலும் ரத்தம் ஏற்றியதால் வரும், இல்லாவிட்டால் வயிற்றில் இருந்த பிள்ளையின் ரத்தம் தாய்க்குள் கலந்து வரும் என்றாள் அக்கா. அட்டையில் காரணமெல்லாம் எழுதுவதில்லை என்பதையும் சொல்லிவைத்தாள்.

அந்தப் பெண் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்போ, மூணு மாசத்துல போயிடுச்சுக்கா. யார்கிட்டயும் சொல்லல" என்றாள். பிறகு அட்டையைத் தடவினாள். "அப்போ அது இருந்ததுக்கு என் உடம்புல ஒரு அடையாளம் இருக்கா?"

"இருக்கும்மா" என்றாள் அக்கா. "ரெண்டு தடவை நான் கண்ணால பார்த்தேன்."