ஏழு நாள் மருந்து

செய்தி வந்தபோது காலை மணி பத்து ஐம்பது. வேதியியல் ஆசிரியை அடுத்த வகுப்புக்குச் சோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். போனில், அண்ணன் கடைக்குப் பக்கத்தில் சாவி போடுகிறவர்.

"அம்மா, உங்க அண்ணன்... கடையில உட்கார்ந்தபடியே போயிட்டாரும்மா..."

தெருவில் எல்லோரும் அண்ணனை மீன் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வளர்ப்பு மீன் விற்கிற கடைதான். விற்றதைவிட வைத்தியம் பார்த்தது அதிகம். வலையில் செதில் உரிந்தது, சண்டையில் துடுப்பு கிழிந்தது, எல்லாம் அவரிடம் வரும். காயத்தின்மேல் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும்.

"நம்மள டாக்டர் வாயத் திறன்னு கெஞ்சணும். இவரு சொல்லாமலே திறந்து திறந்து காட்டறார் பாருங்க" என்பார் அண்ணன், மீனின் வாயைக் காட்டி.

எட்டு மாதத்துக்கு முன், அவள் வீட்டுத் தொட்டியில் ஒரு மீன் கல்லில் உரசிக் காயம்பட்டது. அண்ணன் நீல மருந்து கொடுத்தார். "ஃபில்டர்ல இருக்கற கரிப்பையை எடுத்துடும்மா. ஏழு நாளும் விடாம ஊத்து. வெள்ளை போயிடுச்சேன்னு நடுவுல நிறுத்திடாத."

மூன்றாம் நாளே வெள்ளை உதிர்ந்தது. அன்று விருந்தாளிகள் வருவதாக இருந்தது. கூடத்தில் மைக்கூடுபோல ஒரு தொட்டி. அவள் கரிப்பையைத் திரும்பப் போட்டாள். கரி நிறத்தை உறிஞ்சும் என்பது அவளே வகுப்பில் செய்துகாட்டும் சோதனை. மறுநாள் தண்ணீர் பளிங்குபோல ஆனது. நிறத்தோடு மருந்தும் போயிற்று. அடுத்த வாரம் மீன் மிதந்தது.

மகள் அழுத அழுகையில் அவளுக்கு ஆத்திரம் வந்தது. நேரே கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது, "என்ன மருந்துண்ணா குடுத்த?" என்று கேட்டுவிட்டாள்.

"கரியை எடுத்தியாம்மா?"

"எடுத்தேன்."

எடுத்தது உண்மைதான்.

அண்ணன் மருந்துப் புட்டியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான்தான் அளவைத் தப்பாச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அதன்பிறகு அவள் கடைப்பக்கம் போகவில்லை. அந்த வாரத் தொடக்கத்தில் இன்னொரு மீன் அடிபட்டபோதும் கணவனிடம்தான் கொடுத்தனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை தானே போய் மீனை வாங்குவது, அப்போது உள்ளதைச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். அண்ணன் போனது வெள்ளிக்கிழமை.

அடக்கம் முடிந்த மறுநாள் சாவிக்காரர் கடையைத் திறந்துவிட்டார். பின்னறையில் வரிசையாகப் பதினோரு சின்னக் கண்ணாடித் தொட்டிகள், எல்லாவற்றிலும் நீலத் தண்ணீர். அவள் இதைப் பார்த்ததே இல்லை.

"இத்தனை எதுக்கு?"

"முன்னெல்லாம் மருந்தைக் கையில குடுத்து அனுப்பிடுவார்மா. ஒரு தடவை உங்களுக்கே அளவு தப்பாச் சொல்லி மீன் செத்துப்போச்சாமே. அதுலேர்ந்து யார் கையிலயும் குடுக்கறதில்ல. எல்லாத்தையும் இங்கயே வச்சுக்குவார். லீவு நாள்லயும் காலையில ஆறு மணிக்கு வந்து தண்ணி மாத்துவார். 'ஏன் சார் இந்தப் பாடு'ன்னா, 'என் கணக்கை நானே நம்பறதில்லப்பா'ம்பார்."

அளவு தப்பில்லை, கரியைத் திரும்பப் போட்டது தான்தான் என்று அவள் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கவேண்டியவர் இல்லை.

கடைசித் தொட்டியில் அவள் மீன். காயத்தில் வெள்ளை இல்லை, இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல். தொட்டியில் ஒட்டிய அட்டையில் அண்ணனின் கையெழுத்து: 'தங்கச்சி மீன்'. கீழே ஏழு கட்டங்கள்.

கால்பங்கு தண்ணீரை மாற்றி, அவர் சொல்லியிருந்த அதே அளவு மருந்தை விட்டாள். மீதி நாட்களும் வந்து மருந்து ஊற்றினாள். மீன் தேறிவிட்டது.

அட்டையோடு நூலில் கட்டிய பேனா அப்படியே தொங்குகிறது. நான்கு கட்டங்களில் அண்ணன் போட்ட டிக். ஐந்தாவது இன்னும் காலி.