தார்ப்பாய்க்கு அடியில் ஆறு பேர்

நாகூரில் ஒரு லாரி ஆபீசில் எனக்கு வழி எழுதுகிற வேலை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனாலும் எந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும், எந்தச் செக்போஸ்டில் எந்தக் காகிதம் கேட்பார்கள் என்று என்னிடம்தான் விசாரிப்பார்கள். பயந்தவனுக்குத்தான் இதெல்லாம் ஞாபகத்தில் நிற்கும். மற்றவர்கள் ஒரு பக்கத்தில் முடிக்கும் வழிச்சீட்டை நான் நாலு பக்கம் எழுதுவேன். எழுதி முடித்து வீட்டுக்குப் போனவன், பாதிச் சோற்றில் எழுந்து வந்து இன்னொரு வரி சேர்ப்பேன்.

ஆட்சி மாறி இரண்டாவது வருஷம், அறுப்புக் காலம். இங்கே மீன்பாடு குறைந்துபோய்க் கொச்சிப் பக்கம் போய்ப் பிழைப்பது என்று முடிவெடுத்த ஒரு மீனவர், தம் வள்ளத்தை லாரியில் கொண்டுபோக வந்தார். கடல் வழியே போனால் குமரியைச் சுற்றிக் காற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டும். வள்ளம் லாரியைவிட அகலம். அதனால் தஞ்சாவூருக்கு முன்னால் இருந்த பழைய பாலத்தைக் கடக்கத் தனி அனுமதி. குறிப்பிட்ட ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்குள். தவறினால் மறுபடி மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை வெயிலில் கிடந்தால் பலகைகள் வாய் பிளந்துவிடும். அவருக்கு இருந்த சொத்தே அந்த வள்ளம்தான்.

கேரளா பர்மிட்டு, மேலொப்பம் எல்லாம் வாங்கிவிட்டேன். ஒன்றுதான் உறுத்தியது. சாலைக்கு மேலே தாழத் தொங்கும் கம்பிகளைக் கழியால் தூக்கிவிட ஆறு பேர் வேண்டும். சரக்கு லாரியில் அத்தனை பேரை ஏற்றினால் போலீஸ் கேஸ். யோசித்து யோசித்து, 'கம்பி இல்லாத இடங்களில் ஆட்கள் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதி, சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன்.

"இவ்வளவு எழுதியிருக்கீங்களே தம்பி, இத யாரு படிக்கிறது?" என்றார் வள்ளக்காரர். "தஞ்சாவூரு வரைக்கும் நீங்களே வந்துருங்க."

விடிந்ததும் கிளம்பினோம். வள்ளக்காரரும் அவருடைய ஆட்கள் ஐந்து பேரும் வள்ளத்துக்குள், நான் டிரைவர் பக்கத்தில். டிரைவர், போலீஸ் தொந்தரவு இருக்காது என்று பானெட்டில் ஆளுங்கட்சிக் கொடி ஒன்றைக் கட்டியிருந்தார். திருவாரூர்வரை சிக்கல் இல்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். நான் அதற்கு அரை மணி ஒதுக்கியிருந்தேன். கூட்ஸ் வண்டி முன்னே போவதும் பின்னே வருவதுமாக ஒன்றரை மணி போயிற்று.

"நீங்க வாச்ச பாக்குறதுனால ரயிலு நகராதுங்க" என்றார் டிரைவர்.

கேட்டைத் தாண்டி மூன்றாவது ஊரில் சாலைக்குக் குறுக்கே ஒரு கட்டை வண்டி நின்றது. சுற்றி நாற்பது ஐம்பது பேர். பாதிக்கு மேல் பெண்கள், கையில் கருக்கரிவாள். கூடுதல் கூலி கேட்டு அறுப்பை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் லாரிச் சக்கரத்தில் ஏறித் தார்ப்பாயைத் தூக்கினார். வள்ளத்துக்குள் ஆறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூலிச் சண்டை வந்தால் பண்ணையார்கள் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இப்படித்தான் கொண்டுவருவார்கள், தார்ப்பாய்க்கு அடியில் படுக்கவைத்து. என் அம்மாவே இப்படி லாரி மறித்தவள். போலீசையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது தோன்றவில்லை.

"எறங்குங்கடா! எந்தப் பண்ணைக்குடா வந்தீங்க?"

"அறுப்புக்கு இல்லீங்க. வள்ளத்தக் கொச்சிக்குக் கொண்டு போறோம்" என்றார் வள்ளக்காரர்.

"தோழர், வள்ளம் ஏறி வயலறுக்க வந்துருக்காங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

தோழர் என்று அவள் கூப்பிட்டவர் பானெட்டில் இருந்த ஆளுங்கட்சிக் கொடியைச் சந்தேகத்தோடு பார்த்தார். நான் பர்மிட்டுகளை நீட்டினேன்.

"காயிதத்த மடிச்சி வைங்க தம்பி. பண்ணைகூடத்தான் கோர்ட்டு காயிதம் வெச்சிருக்காரு" என்றார் அவர்.

அப்போது வயதான ஓர் அம்மாள், "எதுக்குப் பேச்சு? வயல்ல எறக்கி அறுக்கச் சொல்லு. தெரிஞ்சிட்டுப் போவுது" என்று தன் அரிவாளை வள்ளக்காரர் கையில் கொடுத்தார்.

அவர் வயலில் இறங்கினார். நெற்குத்தின் அடியைப் பிடிக்காமல் கதிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். நெல் பொலபொலவென்று கொட்டியது.

"அய்ய! பொண்டாட்டி முடியவா புடிக்கிற? அடியில புடிய்யா!"

"இவரயே வெச்சி அறுக்கட்டும் தோழர். நாளைக்கே பண்ணை நம்ம கூலிக்கு ஒத்துக்குவாரு."

அடுத்து இறங்கியவர் இரண்டாவது வீச்சிலேயே விரலை அறுத்துக்கொண்டார். அந்த அம்மாளே தலைத்துணியில் கிழித்துக் கட்டிவிட்டார்.

வள்ளக்காரர் வரப்பில் ஏறி என் பக்கத்தில் வந்து நின்றார். "அம்பது வயசு தம்பி எனக்கு. வேல தெரியாதவன்னு பேரு வாங்கித் தப்பிச்சது இன்னிக்குத்தான்."

கட்டை வண்டியை நகர்த்தி வழி விட்டார்கள். தோழர் மட்டும் என்னிடம், "இன்னும் ரெண்டு ஊருல மறிப்பாங்க. தார்ப்பாயக் கழட்டுங்க. எல்லாரும் எந்திரிச்சி நில்லுங்க. வலைய எடுத்து வெளியில தொங்கப் போடுங்க" என்றார்.

"போலீசு புடிப்பாங்களே?"

"அவன் புடிச்சா எழுதிட்டு விட்டுருவான். எங்க ஆளுங்க புடிச்சா பொழுது போயிரும். எது வேணும் ஒங்களுக்கு?"

மணி ஒன்று. நானே தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்க்கும்போதுகூட, செய்வது சரியா என்று இரண்டு தடவை நிறுத்தினேன். அடுத்த இரண்டு ஊர்களிலும் வலையையும், நிற்கிற ஆட்களையும் பார்த்துக் கையசைத்து விட்டுவிட்டார்கள்.

பாலத்துக்கு வரும்போது மூன்றாகப் பத்து நிமிஷம். பாலத்து ஓவர்சியர் எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்திவைத்திருந்தார். அவர் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் தலைகளை எண்ண ஆரம்பித்தார்.

"வண்டிய ஓரங்கட்டு. ஸ்டேஷனுக்கு விடு."

வள்ளக்காரர் கழியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குதித்து இறங்கினேன்.

"வண்டி நம்பரு, டிரைவரு லைசென்சு நம்பரு எல்லாம் இந்தச் சீட்டுல இருக்குங்க. ஆளுங்கள ஏத்தச் சொன்னது நான்தான். நான் ஸ்டேஷனுக்கு வர்றேன். வண்டி மட்டும் போவட்டும். மூணு அடிச்சா பாலத்த மூடிருவாங்க சார்."

அவர் என் நாலு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். "எங்க தும்மணும்னு மட்டும்தான்யா இதுல எழுதல" என்று சொல்லி, லாரியை விடச் சொல்லி ஓவர்சியரிடம் கையைக் காட்டினார்.

லாரி ஊர்ந்தது. வள்ளத்தின் விளிம்புக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். ஆறு பேரும் கழிகளைப் பிடித்தபடி நின்றார்கள். கான்ஸ்டபிள் என் தகப்பனார் பெயரைக் கேட்டார். சொன்னேன். லாரி அக்கரை ஏறிவிட்டது. ஊரைக் கேட்டார். நான் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கரையில் சாலை திரும்பும் இடத்தில் ஒரு புளியமரம் கிளையைத் தாழப் போட்டுக்கொண்டு நின்றது. அதை நான் எழுதவே இல்லை.