பத்து விரல் கேட்ட மெஷின்

மக்காவுக்கு உம்ரா யாத்திரை போவதற்காகப் பாஸ்போர்ட் எடுக்க வந்திருந்தார் அவர். கல்முனைப் பக்கத்தில், விரல் அடையாளம் பதியும் ஓர் அலுவலகத்தில் எனக்கு முன்னால் நின்றார். நரைத்த தாடி, வெள்ளைச் சாரன், ஒவ்வொரு கையிலும் இரண்டே விரல்கள். யாரைக் கண்டாலும் முந்திக்கொண்டு கையை நீட்டி ஸலாம் சொன்னார், தயங்கியவர்கள் மற்றவர்கள்தான்.

"காக்கா, மத்த விரலையும் வைங்க" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் பதிவு செய்யும் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மத்தது இல்ல புள்ள. எங்கட வாப்பாக்கும் இப்பிடித்தான், என்ட மகனுக்கும் இப்பிடித்தான்."

"மெஷின் பத்து விரல் கேக்குதே."

"அல்லாஹ் தந்தது நாலு. மிச்சத்த மெஷினையே தரச் சொல்லுங்க."

வரிசை சிரித்தது. மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, இவர் இன்னார்தான் என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். அவர் போனார். என் பத்து விரல்களையும் மெஷின் ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது.

நான் ரசீதுக்குக் காத்திருந்தபோது அவர் கடிதத்தோடு திரும்பி வந்தார். அதிகாரியின் முன்னால் உள்ளங்கையை விரித்தார். சுழியே இல்லாமல் ரேகைகள் விரல் நுனிவரை நேராக ஓடின.

"ஆராய்ச்சிக்கு வந்த டொக்டர்மார் என்ட கைரேகைய மை பூசி எடுத்திட்டுப் போனாங்க சேர். இந்த ரேகை லேசில ஆருக்கும் வராதாம். இந்தக் கடுதாசிய ஆரும் அடிக்கலாம்."

"அது சரி காக்கா, இதிலதானே சீல் இரிக்கி" என்றார் அதிகாரி.

காக்கா கோபப்படவில்லை. அதிகாரிக்கும் கையை நீட்டி ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். எதை வைத்து அந்த மெஷின் என்னை அவ்வளவு சீக்கிரம் நம்பியது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.