லலிதா கல்யாணத்துக்கு அடியில் ஒரு படம்

முட்டை வெள்ளைக்கரு, அரைத்த பச்சிலை, காய்ந்த துணி. மூன்றும் சேர்ந்த வாசனையை எங்கள் பக்கத்தில் பிறந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்: புத்தூர் கட்டு. போன வாரம் திருப்பதியில், குளிரூட்டிய தியேட்டர் ஒன்றில், அந்த வாசனை என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தது. எலும்பு முறிந்த கையை மார்போடு அணைத்தபடி, இன்னொரு கையால் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார் ஒரு பெரியவர். திரையில் நான்கு நண்பர்கள் பழுதான லிஃப்ட்டில் ஏறி, தெரியாத்தனமாகத் தாங்கள் பிறந்த காலத்தில் போய் இறங்கினார்கள். அரங்கமே சிரித்தது. எனக்கு லிஃப்ட் தெரியவில்லை. மூக்கு என்னை வேறெங்கோ இறக்கிவிட்டிருந்தது.

சொன்னால் சிரிப்பீர்கள். இந்தப் படத்தை நாங்கள் முன்பே எடுத்துவிட்டோம். லிஃப்ட் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் அப்போது மாடி வீடே கிடையாது, லிஃப்ட்டுக்கு எங்கே போவது?

புத்தூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோ. தில்லிபாபு கேமராக்காரன். வேலு லைட் பிடிப்பான். நான் வயர் சுற்றுவேன். கவிதை எழுதுகிறவன் என்ற கெட்ட பெயர் இருந்ததால், மணமக்கள் பெயருக்குக் கீழே இரண்டு வரி எழுதித்தருவதும் என் வேலை. தாமரை, கிளி, நிலா. இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. ஆடி பிறந்தால் முகூர்த்தம் இல்லை, கேமரா பெட்டிக்குள் தூங்கும். அந்த வருஷம் நாங்கள் தூங்க மறுத்தோம்.

கதை தில்லியுடையது. பைக்கிலிருந்து விழுந்த மூன்று நண்பர்கள் காலுக்குப் புத்தூர் கட்டு போட்டுக்கொள்ளப் போகிறார்கள். கட்டுப் போடுபவர் தூக்கக் கலக்கத்தில் துணியைத் திசை மாற்றிச் சுற்றிவிடுகிறார். எழுந்து நின்றால் கால் பின்னாலேயே போகிறது. போகப் போகக் காலமும் பின்னால் போய்விடுகிறது. விஞ்ஞானம் கேட்காதீர்கள். லிஃப்ட்டில் மட்டும் என்ன விஞ்ஞானம் இருந்தது?

தலைகீழாக ஓட்டிக் காட்டும் வித்தையெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நிஜமாகவே கடைத்தெருவில் பின்னால் நடந்தோம். சோடாக்கடை மேசைமேல் கேமராவை வைத்துவிட்டு, தில்லி ஓடிவந்து வரிசையில் சேர்ந்துகொள்வான். காலில் முட்டை காய்ந்து இழுக்கும். ஈ மொய்க்கும். பூக்காரம்மா ஒருவர் வாயில் கைவைத்துப் பார்த்தார்.

“இன்னாடா, பின்னாடி போய்க்கினு கீறீங்க? முன்னாடி போறதுக்கு வழி இல்லியா?”

அதுவும் பதிவானது. வேலு அவர் கூடைமேல் விழுந்ததும், அவர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்த வசவும் பதிவாயின. எங்கள் பக்கத்தில் கோபத்துக்கு ஒரு மொழி போதாது.

முடிவில்தான் சண்டை வந்தது. கட்டை அவிழ்த்தால் மூவரும் ஊர் திரும்பிவிடலாம் என்றேன் நான்.

“எதுக்குத் திரும்பணும்?” என்றான் தில்லி. “வந்து மறுபடியும் வயர் சுத்தறதுக்கா? வரமாட்டானுங்க. அவ்ளோதான் படம்.”

ஆவணியின் முதல் முகூர்த்தம், நகரியில் லலிதா என்கிற பெண்ணுக்கு. புதுக் கேசட் வந்து சேரவில்லை. ஓனர் எங்கள் கேசட்டை எடுத்து முதலிலிருந்து ஓடும்படி சுற்றிவைத்தார்.

“அண்ணா, அதுல எங்க படம் கீது” என்றான் வேலு.

“ஏமிரா, உனக்குத் துன்றதுக்குச் சோறு போடறது படமா, கல்யாணமா?”

அவ்வளவுதான். மாலை மாற்றியதை, தாலி கட்டியதை, பந்தியை, எங்கள் படத்தின் மேலேயே நாங்கள் எடுத்தோம். தில்லியின் கண் சிவந்திருந்தது. லைட் சூடு என்றான். சாயங்காலம் மழை கொட்டியதில் ஊர்வலம் நின்றுபோனது.

சில நாள் கழித்து லலிதாவின் அப்பா, கேசட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். நாங்கள் பின்வாசல் வழியாக ஓடச் செருப்பைத் தேடினோம். ஓனர் கேசட்டைப் போட்டார். மணமகள் காரில் ஏறுகிறாள். திரை பொரிகிறது. திடீரென்று புத்தூர் கடைத்தெரு. மூன்று கால்கட்டுகள் பின்னாலேயே நடந்து வருகின்றன. ஊர்வலம் ஓட வேண்டிய இடத்தில் எங்கள் படத்தின் வால் அழியாமல் கிடந்தது.

ஓனர் கும்பிட்டார். “தப்பாயிடுச்சுங்க. அழிச்சிக் குடுத்துடறேன்.”

“அழிக்கச் சொல்லி யாரு கேட்டா? வீட்ல எல்லாம் சிரிச்சிக்கினு கீறாங்க. இதுக்கு முன்னாடி கத இன்னா? அது எங்க?”

“உங்க பொண்ணு கல்யாணத்துக்கு அடியில கீதுங்க” என்றான் தில்லி.

அந்த லலிதாதான் போன வாரம் போன் செய்தார். கேசட் பூஞ்சை பிடிக்கிறது, பென்டிரைவில் ஏற்ற வேண்டும், கூட வாங்கண்ணா என்று. திருப்பதியில் ஒரு கடையில் கொடுத்தோம். முழுவதும் ஓடி முடித்தால்தான் ஏறுமாம். லலிதா பட்டுப்புடவைக் கடைக்குப் போக, நான் தியேட்டருக்குள் புகுந்தேன். லிஃப்ட் நண்பர்கள் கடைசியில் திருந்தி, நிகழ்காலமே சொர்க்கம் என்று திரும்பிவந்து கட்டிக்கொண்டார்கள். கைதட்டல். நான் தட்டவில்லை. கட்டுக்கைப் பெரியவராலும் தட்ட முடியவில்லை.

கடைக்குத் திரும்பினோம். கல்லாவில் இருந்த பெண் பணிவாகத்தான் சொன்னாள். “மேடம், லாஸ்ட்ல ஏதோ வேஸ்ட் ரெகார்டிங் இருக்கு. கட் பண்ணிட்டேன்னா நீட்டா இருக்கும்.”

அதில் எனக்கு என்ன உரிமை? அது அவர் கல்யாணம். லலிதா பையைக் கீழே வைத்தார்.

“எங்க கல்யாணத்த வேணும்னா கட் பண்ணும்மா. அத்தத் தொடாத. எங்க வூட்ல பசங்க அதப் பாத்துக்கினேதான் சோறு துன்னாங்க.”

வெளியே வெயில். புத்தூரில் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. சோடாக்கடை இல்லை, ஓனர் இல்லை, பூக்காரம்மா இல்லை. தில்லி குவைத்தில் வண்டி ஓட்டுகிறான். வேலு ஸ்ரீசிட்டி பக்கம் ஒரு கேன்டீனில். எங்கள் மூவர் தலையிலும் முடி இல்லை. லலிதாவின் கைப்பைக்குள், விரல் நீளப் பென்டிரைவில், நாங்கள் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம்.

முன்னாடி போறதுக்கு வழி இருந்திச்சு, பூக்காரம்மா. நாங்கதான் போகல.